லிட்டருக்கு எத்தனை கூடை?

1988 அக்டோபர் 2 வரை, ராமேசுவரம் தீவில் கரையேறிய மீனில் ஒரு கூடைகூடச் சாலை வழியாகப் பாம்பன் கால்வாயைத் தாண்டியதில்லை. தாண்டுவதற்குச் சாலையே கிடையாது. அன்று பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்த பாலத்தின் வேலை 1974இல் தொடங்கியது. இரண்டே கால் கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள அதைக் கட்டி முடிக்கப் பதினான்கு ஆண்டு ஆயிற்று. அதற்கு முன்பு, 1914இல் திறந்த ரயில் பாலம் ஒன்றுதான் தீவுக்கும் நிலத்துக்கும் தொடர்பு. காரில் வந்த யாத்ரீகர்கள் மண்டபத்தில் வண்டியைத் திறந்த ரயில் வேகனில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோன காலம் அது.

அதே 1988இல் டெல்கோ நிறுவனம் ‘டாடா மொபைல் 206’ என்ற டீசல் பிக்கப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பாலத்துக்கும் பிக்கப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரே ஆண்டில் வந்தது தற்செயல். ஆனால் ராமநாதபுரம் கடற்கரையின் மீன் வியாபாரம் அடுத்த முப்பது ஆண்டில் எப்படி மாறியது என்று பார்த்தால், இரண்டையும் பிரித்துப் பேச முடியாது. சாலை வந்தது, சின்ன டீசல் வண்டி வந்தது, கூடவே ‘வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?’ என்ற கேள்வியும் வந்தது.

அந்தக் கேள்வியை அலச உச்சிப்புளி நல்ல இடம். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் வழியில், இரு பக்கமும் கடல் நெருக்க, நிலம் ஒடுங்கத் தொடங்குவது இங்கேதான். வடக்கே பாக் விரிகுடா, ஊர்க்காரர் வாக்கில் வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, தென்கடல். நடுவில் பனையும் தென்னையும் மணலும், 2009இல் ஐ.என்.எஸ். பருந்து என்று பெயர் பெற்ற கடற்படை விமானத் தளமும். ராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், வேதாளை என்று எந்தக் கரையில் மீன் ஏறினாலும், மதுரைக்குப் போகிற வண்டி உச்சிப்புளியைத் தாண்டித்தான் போக வேண்டும். இன்று அந்தச் சாலைக்குத் தேசிய நெடுஞ்சாலை 87 என்று பெயர். கொச்சியிலிருந்து தனுஷ்கோடி வரை நீண்ட பழைய 49இன் கிழக்குக் கோடி.

ரயில் காலத்தில் வியாபாரிக்கு எரிபொருள் கவலை கிடையாது. ஐஸ் போட்டுக் கட்டிய கூடைகள் மீட்டர் கேஜ் ரயிலில் பார்சலாகப் போயின. கட்டணத்தைக் கட்டினால் போதும். எஞ்சின் எவ்வளவு கரி தின்றது என்பது ரயில்வேயின் பாடு. அவருக்கு இருந்தது நேரக் கவலை. ஒரு ரயில் தவறினால் அடுத்த ரயில் வரை ஐஸ் உருகிக்கொண்டிருக்கும். 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியை அழித்து ரயில் பாலத்தையும் சிதைத்தபோது அந்த ஒரே வழியும் அடைபட்டது. இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் பாலம் சீராகும் வரை தீவின் மீனுக்கு வெளிச்சந்தை இல்லை.

தரைப்பக்கம் மோட்டார் வண்டி வெகுமுன்பே வந்துவிட்டது. 1912இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பஸ் சர்வீஸ் தொடங்கினார். எல்லாம் பெட்ரோல் வண்டிகள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தபோது, அவரே ‘டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்’ என்ற கருவியை வடிவமைத்துத் தயாரித்தார். பஸ்ஸின் பின்புறம் ஓர் இரும்பு உருளை, உள்ளே மரக்கரி. அதைக் காற்றுப் போதாமல் கனலவிட்டால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதை வடிகட்டி எஞ்சினுக்கு விட்டார்கள். வண்டி ஓடியது, ஆனால் இழுவை பெரிதும் குறைந்தது. ஏற்றத்தில் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டியிருந்ததெல்லாம் அந்தக் காலத்தவர் நினைவில் நின்ற கதைகள். கரிவாயு வண்டிக்கு லிட்டர் கணக்கு ஏது? மூட்டைக் கணக்குதான். எரிபொருளை எண்ணிச் செலவழிக்கும் பழக்கத்தை இந்தப் பக்கத்து ஓட்டுநர்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது அந்தப் போர்க்காலம் என்று தோன்றுகிறது.

டீசல் அதற்குப் பிறகு வந்த பெரிய மாற்றம். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897இல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய எஞ்சின், எரிபொருளின் வெப்பத்தில் கால் பங்குக்குச் சற்று மேல் வேலையாக மாற்றியது. அன்றைய நீராவி எஞ்சின்களுக்குப் பத்தில் ஒரு பங்கே பெரும்பாடு. காரணம் எளிது. டீசல் எஞ்சின் காற்றை மட்டும் உள்ளே இழுத்து, பெட்ரோல் எஞ்சினைவிட இரு மடங்கு வரை இறுக்கி நசுக்குகிறது; அந்தச் சூட்டிலேயே, பீய்ச்சிய எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்கிறது. எவ்வளவுக்கு இறுக்கம் கூடுகிறதோ அவ்வளவுக்கு ஒரே சொட்டிலிருந்து கூடுதல் வேலை கிடைக்கும். போதாதற்கு, ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கும் கூடுதலான ஆற்றல் அடங்கியிருக்கிறது.

ஆனால் பீய்ச்சுவது சாமானிய வேலை இல்லை. சிலிண்டருக்குள் ஏற்கெனவே பெரும் அழுத்தம் இருக்கும்போது, சரியான நொடியில், சரியான அளவு எண்ணெயைப் பனிபோல் தூவ வேண்டும். 1927இல் போஷ் நிறுவனம் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பம்புதான் டீசலை லாரிக்குள் கொண்டுவந்தது. 1951இல் அதே போஷின் கூட்டுறவோடு பெங்களூரில் மைகோ பிறந்தது. சென்னையில் சிம்ப்சன் நிறுவனம் 1950களில் பெர்கின்ஸ் பி6 எஞ்சினைத் தயாரித்தது. பழைய பெட்ரோல் லாரிகளில் அதைப் பொருத்தி டீசலுக்கு மாற்றிக்கொண்டவர்கள் ஏராளம். 1954இல் டாடா மெர்சிடிஸ் பென்ஸ், 1955இல் அசோக் லேலண்ட். பத்தே ஆண்டில் தமிழ்நாட்டுச் சரக்கு டீசலுக்கு மாறிவிட்டது.

ஊர்தோறும் பம்பு-நாசில் கடைகள் முளைத்தது இதன் தொடர்ச்சிதான். நாசிலைக் கழற்றி, கைப்பம்பில் மாட்டி, எண்ணெய் எந்த அழுத்தத்தில் திறக்கிறது, தூவல் சீராக இருக்கிறதா, நுனியில் சொட்டுகிறதா என்று பார்க்கும் மெக்கானிக்கின் கண்ணில்தான் முப்பது நாற்பது ஆண்டு காலம் லாரி முதலாளியின் லாபநட்டம் இருந்தது. நாசில் சொட்டினால் எண்ணெய் முழுதாக எரியாது. கறுப்புப் புகையாக வெளியே போகும். பம்பு டைமிங் சற்றுத் தள்ளிப்போனாலும் அதே கதை. கணினி இல்லாத நாளில் புகையின் நிறத்தையும் எஞ்சின் சத்தத்தையும் வைத்தே நோயைச் சொன்ன அந்தக் கைத்திறனுக்குத் தமிழில் இன்னும் ஒரு முறையான வரலாறு எழுதப்படவில்லை. எழுதப்பட வேண்டும்.

கடலிலும் அதே காலத்தில் எஞ்சின் இறங்கியது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கி, சில ஆண்டிலேயே மண்டபம் முகாமுக்கு வந்து, 1971இல் கொச்சிக்குப் போகும் வரை இங்கேயே தலைமையகம் கொண்டிருந்தது. கொல்லத்துப் பக்கம் தொடங்கிய இந்தோ-நார்வே திட்டம் 1960களில் மண்டபத்துக்கும் நீண்டது. விசைப்படகு பெருகியது. இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறியது. இறால், நண்டு, கணவாய் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கும், காரலும் சூடையும் உள்ளூர்ச் சந்தைக்கும், தின்ன ஆகாத சங்காயம் தீவன ஆலைக்கும் என்று ஒரே படகின் பாடு மூன்று திசையில் பிரிந்தது. மூன்று திசைக்கும் ஒரே அளவு வண்டி ஒத்துவராது.

அன்று கையில் இருந்ததோ பெரிய லாரி. அதைவிட்டால் மூன்று சக்கர டெம்போ, மெட்டடார் வேன், ட்ரெய்லர் இழுக்கும் ஜீப். டிராக்டருக்காகச் செய்த டீசல் எஞ்சினை ஜீப்பில் பொருத்தி மகிந்திரா விற்றதும் அந்தக் காலத்தில்தான். 1973 அக்டோபரில் வெடித்த அரபு-இஸ்ரேல் போரை ஒட்டி, பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய் சில மாதத்தில் 12 டாலரை நெருங்கியது. அமெரிக்கா 1974இல் நாடு முழுவதும் நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலுக்குள் கட்டிவைத்தது. இந்தியா டீசல் விலையை அரசாங்கக் கட்டுப்பாட்டிலேயே வைத்துக்கொண்டது. 1978இல் எரிபொருள் சிக்கனத்துக்கென்றே பெட்ரோலியம் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் அமைந்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 1976இல், சாலைப் போக்குவரத்து ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்குமான நிறுவனம் (ஐ.ஆர்.டி.) உருவாகியிருந்தது.

அரசுப் பஸ் டிப்போக்களின் பங்கை இங்கே சொல்லாமல் விட முடியாது. மதுரை வட்டாரத்தில் தனியார் பஸ்களை அரசு எடுத்துக்கொண்டு 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. டிப்போவில் ஓட்டுநர் வாரியாக கே.எம்.பி.எல்., அதாவது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கை, எழுதிப் போடும் வழக்கம் தமிழ்நாட்டுக் கழகங்களில் ஊறிப்போன ஒன்று. ஒரே வண்டியை, ஒரே தடத்தில், இரண்டு பேர் ஓட்டினால் கணக்கு எவ்வளவு மாறும் என்பதை எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். தேவைக்கு முன்பே கியரைத் தட்டாமலும் தேவைக்குப் பின் இழுத்துக்கொண்டிராமலும் மாற்றுவது, தூரத்து நிறுத்தத்தைப் பார்த்ததுமே காலை எடுத்துவிட்டு வண்டியை உருளவிடுவது, கிளட்ச்சில் கால் வைத்து ஓட்டாமலிருப்பது ஆகியவற்றை இந்த மாவட்டத்துச் சரக்கு ஓட்டுநர்களும் அந்தப் பாடத்திலிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

சின்ன லாரிக்கான தேவையை டெல்லியும் உணர்ந்தது. 1980களில் ஜப்பானியக் கூட்டுடன் நான்கு நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது: டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிசான், ஐஷர் மிட்சுபிஷி, சுவராஜ் மாஸ்டா. எரிபொருள் சிக்கனமே அவற்றின் பெரிய வாக்குறுதி. அவற்றுக்குப் போட்டியாக 1986இல் டாடா 407 வந்தது. இறக்குமதி உதிரிப்பாகத்தின் விலை உயர உயர ஜப்பானிய வண்டிகளின் சிக்கனம் பட்டறையில் கரைந்தது, 407 நிலைத்தது. மைலேஜ் நன்றாக இருந்தும் உதிரிப்பாகத்தில் தோற்ற வண்டிகளின் கதை, இன்று பிக்கப் வாங்கப்போகிறவருக்கும் நேராகப் பொருந்தும்.

பிறகு பாலம் திறந்தது. பிறகு, 2005 மே மாதத்தில், குட்டி யானை.

டாடா ஏஸ் என்ற பெயரைக் கடற்கரையில் யாரும் சொல்வதில்லை. இரண்டே சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். அதிகாரபூர்வமாக முக்கால் டன் சுமை. விலை இரண்டேகால் லட்சம் ரூபாயை ஒட்டி. அதன் எஞ்சின் அன்றைக்கே பழைய வகை: டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சாமல் பக்கத்து அறையொன்றில் பீய்ச்சுவது. அந்த வகையில் வெப்பம் சுவர் வழியே கொஞ்சம் வீணாகும். நேரடியாகப் பீய்ச்சும் எஞ்சின் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை எண்ணெய் மிச்சப்படுத்தும். இருந்தும் குட்டி யானை வென்றது. முந்நூறு, நானூறு கிலோ மீனுக்காக 407ஐ எழுப்ப வேண்டிய அவசியத்தை அது ஒழித்துவிட்டது. எஞ்சின் நுட்பத்தில் இழந்ததை வண்டியின் அளவில் சம்பாதித்துக்கொண்டது.

அதற்கு மேலே போனவர்களுக்கு 2523 சிசி மகிந்திரா பொலிரோ பிக்கப். 2011இல் ஒசூரிலிருந்து வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், மூன்று சிலிண்டர், ஒன்றேகால் டன். இவற்றில் காமன் ரெயில் எஞ்சின் வந்தது: ஒரே குழாயில் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் டீசலைத் தேக்கி, எப்போது எவ்வளவு என்பதைக் கணினி தீர்மானிக்கும் முறை. ஓட்டுநர்களின் பழைய நம்பிக்கை ஒன்று இங்கே தலைகீழானது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் எண்ணெய் மிச்சம் என்பார்கள். கணினி வைத்த எஞ்சினில் கியரிலேயே காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுற்றும். டீசல் முழுதாக நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமலிருக்க டீசல் குடிக்கும். பிரேக்குக்கு எஞ்சின் துணை இல்லாமல் போகும் ஆபத்தும் சேரும்.

இனி, இந்தக் கடற்கரைக்கே உரிய கணக்குக்கு வரலாம்.

ஒரு கணக்குக்கு, 700 கிலோ ஏற்றிக்கொண்டு லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் சின்ன வண்டி ஒன்று. 1,700 கிலோ ஏற்றிக்கொண்டு 10 கிலோமீட்டர் தரும் பெரிய பிக்கப் ஒன்று. டீக்கடையில் கேட்டால் முதல் வண்டிக்குத்தான் மார்க். ஆனால் ஒரு லிட்டரில் ஒரு டன்னை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது என்று பார்த்தால் முதலாவது 11 கிலோமீட்டர் சொச்சம், இரண்டாவது 17. பெரிய வண்டி பாதிச் சுமையில் போனாலோ, மைலேஜ் கொஞ்சம் கூடினாலும், சின்ன வண்டியைத் தாண்டுவது சந்தேகம். ஆக வண்டியின் மைலேஜ் வண்டியில் மட்டும் இல்லை. எத்தனை கூடை ஏறுகிறது என்பதில் இருக்கிறது. மீன் வியாபாரிக்கு வேண்டியது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற விடையைவிட, லிட்டருக்கு எத்தனை கூடை மதுரை சேர்ந்தது என்ற விடைதான்.

கூடையில் என்ன இருக்கிறது? பாதி மீன், பாதி தண்ணீர். வெப்ப நாட்டில் ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு ஐஸ் என்பது மீன்வள நிபுணர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. ஒரு கிலோ ஐஸ் உருக 80 கிலோகலோரி வெப்பம் தேவை. அந்த வெப்பத்தில் பெரும்பகுதி மீனிலிருந்து வருவதில்லை, வெயிலில் காய்ந்த பெட்டியின் சுவர் வழியே வருகிறது. 700 கிலோ ஏற்றும் வண்டியில் சரிபாதி ஐஸ் போட்டால் மீன் 350 கிலோ. தடித்த, நன்றாக மூடும் வெப்பக்காப்புப் பெட்டியில் வைத்து ஐஸை மீன் எடையில் பாதியாகக் குறைத்தால் அதே வண்டியில் 467 கிலோ மீன் போகும். எஞ்சினைத் தொடாமல், ஆக்சிலேட்டரைத் தொடாமல், மூன்றில் ஒரு பங்கு ஆதாயம். எந்த நாசில் வேலையும், எந்த ஓட்டுநர் பயிற்சியும் இவ்வளவு தராது. தார்ப்பாய் போர்த்திய திறந்த பிக்கப்பில் மீன் போகும் வரை, உச்சிப்புளிச் சாலையில் டீசலில் கணிசமான பங்கு தண்ணீரைச் சுமக்கத்தான் எரிகிறது.

அந்தத் தண்ணீர் சும்மாவும் இருப்பதில்லை. உருகி, மீன் கசிவும் உப்பும் கலந்து, வழியெல்லாம் சொட்டுகிறது. பாம்பன் பாலத்தில் மீன் வண்டிகளின் கழிவுநீர் ஒழுகி, இருசக்கர வண்டிகள் வழுக்கி விழுவதும், பாலத்தின் இரும்பு இணைப்புகள் அரிப்பதும் நெடுநாளைய புகார். அதிகாரிகள் எச்சரிப்பதும் அபராதம் போடுவதும் தொடர்கிறது. கசியாத பெட்டி வைத்தால் பாலமும் பிழைக்கும், டீசலும் மிஞ்சும்.

உப்பு வண்டியையும் விடுவதில்லை. பிரேக் டிரம்முக்குள் உப்பு ஏறித் துருப்பிடித்தால், கால் எடுத்த பின்னும் பிரேக் முழுதாக விடாது. சக்கரம் இழுத்துக்கொண்டே ஓடும். ஓட்டுநருக்குத் தெரிவது ‘பிக்கப் இல்லை’ என்பது மட்டும்தான். ஓடி வந்து நிறுத்தியவுடன் நான்கு சக்கரத்தின் நடுவிலும் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பது இங்கத்திய பழைய சோதனை. எதில் அனல் அடிக்கிறதோ அதில்தான் டீசல் போகிறது. ரேடியேட்டர் தகடுகளை உப்புத் தின்பதும், மணல் ஏர் ஃபில்டரை அடைப்பதும், கால் காற்று குறைந்த டயர் சூடான தாரில் அழுந்துவதும் அதே வரிசை. ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகத் திருடும்; சேர்த்துப் பார்த்தால் பெரிய தொகை.

காற்று தனிக் கணக்கு. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைப்பது நடைமுறையாக இருந்தது. அவ்வளவு வேகத்தில் வீச வேண்டாம். மணிக்கு 30 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தாலே, 60இல் போகிற வண்டி 90இல் காற்றைக் கிழிக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பதால், 60க்கும் 90க்கும் இடையே அது இரண்டேகால் மடங்காகிறது. ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சானில் மதுரை நோக்கிப் போகிற மீன் வண்டி, நிறைய பாரத்தோடு காற்றை எதிர்த்துப் போகிறது. திரும்பும்போது காலி வண்டியைக் காற்று தள்ளிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை பக்கவாட்டில் அடிக்கும். அடுக்கிய பெட்டிகள் கேபின் உயரத்தைத் தாண்டாமல் கட்டுவது, தார்ப்பாயைப் படபடக்கவிடாமல் இறுக்குவது, எதிர்க்காற்று நாளில் பத்துக் கிலோமீட்டர் வேகம் குறைப்பது தவிர இதற்கு வேறு மருந்து இல்லை. 2015 அக்டோபர் முதல் புதிய சரக்கு வண்டிகளில் 80க்கு மேல் போகாதபடி கட்டுப்பாட்டுக் கருவி வந்ததும் எதிர்பாராமல் டீசலுக்கு நல்லதாயிற்று.

கருவி என்றதும், ‘மாட்டினால் மைலேஜ் ஏறும்’ கருவிகள் நினைவுக்கு வரும். டீசல் குழாயில் கவ்வும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை, காற்றுக் குழாயில் செருகும் சுழலி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. சொல்லிக்கொள்ளும்படி மிச்சம் காட்டியவை மிகச் சில. தமிழ்நாடு இதைவிடப் பெரிய நம்பிக்கையைக் கண்டது. 1996இல் ராஜபாளையத்தை அடுத்த இடையன்குளத்து ராமர் பிள்ளை மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னபோது நாடே திரும்பிப் பார்த்தது. 2016இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மோசடிக் குற்றத்தில் சிறைத்தண்டனை விதித்தது. அன்று அதை நம்பியவர்களைப் பழித்துப் பயனில்லை. எண்ணெய்ச் செலவில் வாழ்வு தொங்கும் இடத்தில் அந்த நம்பிக்கை பிறக்கத்தான் செய்யும்.

அதன் பின் விலையும் கைமீறத் தொடங்கியது. அரசு வகுத்த விலைமுறை 2002இல் பெயரளவில் முடிந்தது. 2013 ஜனவரியில் மொத்தக் கொள்முதலுக்கு மானியம் நின்றபோது தமிழ்நாட்டு அரசுப் பஸ்கள் சொந்த டிப்போவை விட்டுச் சாலையோரப் பங்க்குகளில் வரிசைகட்டின. சில்லறை விலையும் மாதம் 50 பைசாவாக ஏறி, 2014 அக்டோபரில் டீசல் முழுதாகச் சந்தைக்கு விடப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் தினமும் விலையை மாற்றும் முறை வந்தது. மீன் விலை தினம் மாறும், டீசல் விலையும் மாறும்; நடுவில் வாடகையை மட்டும் மாதக்கணக்கில் மாற்ற முடியாத வண்டிக்காரர்தான் இரண்டுக்கும் இடையில் நசுங்குகிறார்.

அவரது கணக்கைக் கடல் நாள்காட்டியும் தீர்மானிக்கிறது. பாக் விரிகுடாவில் விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி. மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு. விசைப்படகு மறுநாள் காலை கரை திரும்பும். ஆகவே வாரத்தில் மூன்று காலைகளில் எந்த வண்டிக்கும் சுமை நிறையும். மற்ற நாள்களில் அரைச் சுமைக்கே அலைச்சல். ஒரே நாளில் எல்லாச் சரக்கும் குவிவதால், அந்த மூன்று நாளைக்குத் தக்க பெரிய வண்டி வாங்கியவர் மீதி நாளில் நட்டப்படுகிறார். கிழக்குக் கரையில் 2001இல் 45 நாளாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் 2017இலிருந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த இரண்டு மாதம் பிக்கப்புக்கு வேறு பிழைப்பு வேண்டும். தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து மல்லிகைப் பதியன்கள் தமிழ்நாடெங்கும் போகின்றன. தேங்காய் இருக்கிறது, பனைப் பொருள்கள் இருக்கின்றன.

ரிட்டன் லோடு, அதாவது திரும்பும் வழிக்குச் சரக்கு, கிடைக்காதது இந்தச் சாலையின் தீராத குறை. காலி வண்டி டீசலில் பாதியைக்கூட மிச்சப்படுத்தாது. எஞ்சினுக்கு வண்டியின் சொந்த எடையும் காற்றும் இருந்துகொண்டேயிருக்கும். ராமேசுவரம் தீவுக்கு மதுரையிலிருந்து காய்கறி, மளிகை, கோயிலுக்கு வரும் ஜனத்துக்கான எல்லாமும் தினம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் மீன் வாடை அடிக்கும் பெட்டியில் கத்தரிக்காயை ஏற்ற யாரும் சம்மதிப்பதில்லை. அதனால் ஒரு திசையில் மீன் வண்டி காலியாகத் திரும்ப, எதிர்த்திசையில் காய்கறி வண்டி காலியாகத் திரும்புகிறது; இரண்டும் உச்சிப்புளியில் ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன. மூடி போட்ட, கழுவ வசதியான, கழற்றி மாட்டும் மீன் பெட்டிகளை மார்க்கெட்டிலேயே இறக்கிவிட்டு, கழுவிய தளத்தில் வேறு சரக்கை ஏற்றி வருவது மட்டும் நடந்தால் இந்தச் சாலையின் டீசல் செலவில் பெரிய வெட்டு விழும். தனி வண்டிக்காரரால் ஆகிற காரியமில்லை இது. பெட்டிகளைப் பொதுவில் வைத்துச் சுழற்ற ஒரு சங்கமோ கூட்டுறவோ வேண்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் பல தலைமுறையாக இருக்கும் மாவட்டத்தில் இது நடக்காத கனவு இல்லை.

2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்-6 வண்டிகள் இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தன. அவற்றின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும், கூடுதல் டீசலை எரித்துச் சூடேற்றித் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு வண்டி நிற்காமல் கொஞ்ச தூரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். மதுரைக்குப் போய் வருகிற வண்டிக்கு இது பிரச்சினை இல்லை. ஏலக்கூடத்திலிருந்து ஐஸ் பிளான்ட்டுக்கும், அங்கிருந்து கம்பெனிக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டிக்கு வடிகட்டி அடைத்துக்கொண்டே இருக்கும். கரையோரச் சில்லறை ஓட்டத்துக்குப் புது டீசல் பிக்கப் தோதில்லை என்பதே சரியான முடிவு. அந்த வேலைக்கு சிஎன்ஜியும் மின்சார வண்டியும் வந்துகொண்டிருக்கின்றன. உச்சிப்புளிக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையே வழுதூரில் இந்த மாவட்டத்து நிலத்தடி எரிவாயுவையே எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் பல ஆண்டாக இயங்குகிறது. ஆனால் சிஎன்ஜி உருளைகளின் எடை சுமையைத் தின்னும். நீண்ட தூரத்துக்கு, நிறைந்த பாரத்துக்கு இன்னும் டீசலே முன்னிற்கிறது.

சாலையும் மாறுகிறது. மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்கு வழி வந்துவிட்டது. பரமக்குடி முதல் ராமநாதபுரம் வரையிலான 46.7 கிலோமீட்டரையும் நான்கு வழியாக்க 1,853 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜூலை 1இல் ஒப்புதல் கொடுத்தது. முந்தவும் ஒதுங்கவும் கியரை இறக்கி ஏற்றும் வேலை குறைந்தால், அந்தத் தொலைவில் எல்லா வண்டிக்கும் மைலேஜ் கூடும். ராமநாதபுரத்துக்குக் கிழக்கே, உச்சிப்புளி வழியாக மண்டபம் வரை, அந்தத் திட்டம் நீளவில்லை. அங்கே இரு திசை வண்டிகளும் ஒரே தாரில்தான் ஒதுங்கிப் போகின்றன. செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் நெரிசல் கூடுதல்.